நாலு மணிக்குப் பிரித்த சுவர்கள்

மாடிப்படியில் விழுந்ததற்கப்புறம் அந்த மூலைவீட்டுக்காரி மூன்று நாள் படுக்கையை விட்டு எழவில்லையாம், கவிதா. தெருவே கண்ணேறு என்கிறது. கண்ணும் இல்லை, காதும் இல்லை. அந்தப் புது வீட்டு மாடிப்படியில் முதல் படி மட்டும் மற்ற படிகளைவிட இரண்டு விரல் உயரம். புதுமனை புகுவிழாவுக்குப் போய் கால் வைத்தவுடனே கண்டுபிடித்துவிட்டேன். பாயசம் குடித்துக்கொண்டே சொல்லவும் சொன்னேன். "பெரியம்மாவுக்கு எதுலயாவது ஒரு குத்தம் சொல்லணும்" என்று அந்த மருமகள் உதட்டைச் சுழித்தாள். இப்போது மாமியார் இடுப்புக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். பேனாவை எடுத்துவிட்டாயா? தொழிற்கல்வி டீச்சராக ஆர்டர் வந்த அன்றைக்கு நீ முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் ஓடி வந்தாய். உன் வாயில் ஒரு பிடி சர்க்கரை போட்டேன். இப்போது உங்கள் பள்ளிக்கூட ஆண்டு மலரில் போட, பழைய வாத்தியார்களிடம் அனுபவம் கேட்டு எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள் என்கிறாய். நான் சொல்கிறேன், நீ எழுது. "வந்துட்டான்"னு நான் சொன்னால் "வந்துவிட்டான்" என்று அழகாகப் போட்டுக்கொள். எனக்கு என்ன தெரியப்போகிறது? எனக்கு இன்றைக்கும் எழுத்துத் தெரியாது. அஞ்சலை என்று என் பேரை மட்டும் வரைவேன். அதுவும் செங்கல் அடுக்குகிற மாதிரி, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்து.

படிக்காதவள் எப்படிப் பயிற்சி நிலையத்தில் வாத்தியாரம்மா ஆனாள் என்றுதானே முழிக்கிறாய்? அதைத்தான் சொல்லப்போகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் வாலிகண்டபுரத்துக்குப் பக்கம். எங்கள் ஆட்களுக்குக் காணி நிலம் கிடையாது. அடுத்தவர் காட்டில் களை எடுத்து வளர்ந்தவர்கள். கல்யாணம் ஆகிப் பெரம்பலூர் வந்தேன். அவருக்கு வெங்காய மண்டியில் மூட்டை தைக்கிற வேலை. நான் சித்தாளாகப் போனேன். அரியலூரில் சிமெண்ட் ஆலைக்காரர்களுக்கு வரிசை வரிசையாக வீடு கட்டிக்கொண்டிருந்த நேரம். காலையில் பஸ்ஸில் போய் இறங்கினால், சாயங்காலம் ஏறும்போது கண்டக்டருக்கே அடையாளம் தெரியாது. அவ்வளவு வெள்ளைப் புழுதி முகத்தில். தலையில் எட்டுக் கல் சுமந்துபோய் இறக்கிவிட்டு, அடுத்த நடைக்கு முன்னால் ஒரு மூச்சு நிற்போமே, அந்த ஒரு மூச்சில் கொத்தனாரின் கையையே பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு பொங்கலுக்கு மறுநாள் கொத்தனார் ஒருவர் வேலைக்கு வரவில்லை. மேஸ்திரி கேலியாக, "ஏ அஞ்சல, வேடிக்க பாத்துக்கிட்டே நிக்கிறியே, நீதான் வையேன்" என்றார். வைத்தேன். அவர் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். அதற்கப்புறம் கேலி பேசவில்லை. அன்றிலிருந்து தலையிலிருந்த சும்மாடு போய்க் கையில் கொலுறு வந்தது. கலவையை அள்ளிப் பரப்புகிற கரண்டிக்கு எங்கள் வேலையில் அதுதான் பேர். பத்து வருஷத்தை எத்தனை சீக்கிரம் சொல்லிவிட்டேன் பார்!

நடேசன் சார் வந்தது எழுபதுகளின் கடைசியில். பெரம்பலூர், அரியலூர் எல்லாம் அப்போது திருச்சி ஜில்லா. கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கட்டட வேலை கற்றுக்கொடுக்க அரியலூரில் ஒரு தகரக் கொட்டகை போட்டுப் பயிற்சி நிலையம் ஆரம்பித்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு பேட்ச். சார்தான் அதற்குத் தலைமை. சொல்லிக்கொடுக்க வைத்திருந்த கொத்தனார் விசா வந்ததும் துபாய்க்குப் பறந்துவிட்டார். சார் ஊர் ஊராக ஆள் தேடிக்கொண்டு, நான் வேலை செய்த கட்டடத்துக்கும் வந்தார்.

ஒல்லியான மனிதர். குடையின் வளைந்த பிடியைச் சட்டைக் காலரில் பின்பக்கமாக மாட்டித் தொங்கவிட்டிருப்பார். இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டுமாம். நான் கட்டி முடித்த சுவர் பக்கம் வந்தார். குடிக்கக் கொடுத்த தம்ளர் தண்ணீரில் பாதியைக் குடித்துவிட்டு மீதியைச் சுவரின் தலையில் மெதுவாக ஊற்றினார். தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடாமல் அப்படியே நின்றது. தம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, "படிச்சிருக்கியா?" என்றார்.

"இல்லீங்க."

"கையெழுத்து?"

"போடுவேங்க."

"நாளைக்குக் கொட்டகைக்கு வந்துடு."

மறுநாள் ஒரு பாரத்தைப் பூர்த்தி செய்தார். பேர், ஊர், வயசு எல்லாம் எழுதினார். படிப்பு என்ற கட்டம் வந்ததும் பேனாவைத் தூக்கி, அந்தக் கட்டத்தைத் தாண்டி அடுத்ததில் வைத்தார். வெறுமையாகவே விட்டுவிட்டார். ஆறு மாதத்துக்குத் தற்காலிக வேலை. ஒவ்வொரு பேட்ச் முடியும்போதும் இன்னொரு ஆறு மாதம். பாரத்தில் கையெழுத்துப் போட்டு முடித்த அந்த நிமிஷத்திலிருந்து, "போ, வா" என்றவர் "போங்க, வாங்க" ஆகிவிட்டார். "வாத்தியாரை நானே வாடி போடின்னா, நாளைக்குப் பிள்ளைங்க சொல்லும்" என்றார்.

எனக்கு எழுத்துத் தெரியாது என்பது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அதை அவர் எப்படிக் காப்பாற்றினார் தெரியுமா? தினமும் காலையில் தபாலைப் பிரித்து, தனக்குத்தானே படித்துக்கொள்கிற மாதிரி வாய்விட்டுப் படிப்பார். நான் பக்கத்தில் நின்று தூக்குக்குண்டின் கயிற்றைச் சிக்கெடுத்துக்கொண்டிருப்பேன். பார்க்கிறவர்களுக்கு அவர் ஏதோ பழக்கதோஷத்தில் முணுமுணுக்கிறார் என்று தோன்றும். எனக்கு எல்லாம் காதில் விழுந்துவிடும். வருகைப் பதிவேட்டில் பேர்கள் எந்த வரிசையில் வரும் என்று முதல் நாளே மனப்பாடம் செய்துகொள்வேன். வந்தால் ஒரு கோடு, வராவிட்டால் ஒரு புள்ளி.

இனி எங்கள் வேலை முறையைச் சொல்கிறேன். இதை நன்றாக எழுதிக்கொள், இதில்தான் வினையே இருக்கிறது. காலையில் செங்கல்லைத் தொட்டியில் போட வேண்டும். குமிழி வருவது நிற்கும்வரை எடுக்கக் கூடாது. நனையாத கல் கலவையில் இருக்கிற தண்ணீரைக் குடித்துவிடும். சுண்ணாம்பும் மணலும் குழைத்த கலவைதான். சிமெண்ட் கிடையாது. மூலை எடுத்து, நூல் கட்டி, ஒரு வரிசையின் மூட்டு மேலே அடுத்த வரிசையின் மூட்டு வராமல் வைத்துக்கொண்டே போக வேண்டும். சார் ஒரு தம்ளர் தண்ணீரோடு வருவார். சுவர்த் தலையில் ஊற்றுவார். ஓடினால் ஒரே ஒரு வார்த்தைதான். "பிரி." திட்டு கிடையாது, விளக்கம் கிடையாது. விளக்கம் நான் சொல்வேன், கொஞ்சம் அதிகமாகவே.

நாலு மணிக்கு, மணியாகத் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டை ஒரு தட்டு தட்டுவேன். அவ்வளவுதான், நல்ல சுவர், கெட்ட சுவர் எல்லாவற்றையும் பிரித்துவிட வேண்டும். கல்லைச் சுரண்டி, துடைத்து, அவரவர் இடத்தில் அடுக்க வேண்டும். அதே கல்தான் நாளைக்கும். முதல் பேட்சில் ஒரு சுவரை ராத்திரி விட்டுவைத்தோம். பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி வந்து அதில் உடம்பைத் தேய்த்தது. ஈரச் சுவர் சரிந்தது. கன்றுக்குட்டி தப்பித்தது, சாருக்குத்தான் ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. அதிலிருந்து நாலு மணிக்கு மேல் ஒரு சுவரும் நிற்கக் கூடாது என்பது சட்டம்.

புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாள் பிரிக்கும்போது அழுகை வரும். ஒருவன் தன் சுவரைச் சாக்குப் போட்டு மூடி ஒளித்து வைத்திருக்கிறான்! என் வீட்டுக்காரருக்கு இது பெரிய தமாஷ். டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "எம்பொண்டாட்டி காலையில சுவரு கட்டுவா, சாயங்காலம் இடிப்பா. அதுக்கு கவர்மெண்டு சம்பளம்" என்பார். "நீங்க தைக்கிற மூட்டையை மட்டும் ஊரான் பிரிக்காம அப்படியே வெச்சு அழகு பாக்குறானா?" என்பேன்.

நான் சேர்ந்து மூன்று வருஷம் கழித்துத்தான் முதல் முறையாகப் பெண் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். ஆறு பேர். அதில் ஒருத்தி செல்வி, அரும்பாவூர்ப் பெண். எட்டாவது படித்தவள். நாக்கு என்னைவிட நீளம், கை அதைவிடச் சுத்தம். "இந்த ஆறு மாசந்தான், சர்டிபிகேட் வாங்கலன்னா திரும்பச் சித்தாளா போயிடணும்" என்று அவள் அப்பா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். சர்டிபிகேட் இருந்தால்தான் அவளைக் கொத்தனார் என்று சேர்த்துக்கொள்வார்கள்.

பரீட்சைக்கு நாலு நாள் இருக்கும்போது சார் மகள் கல்யாணத்துக்காகக் கும்பகோணம் போனார். கட்ட வேண்டிய மூலைச் சுவரின் படத்தைப் பலகையில் வரைந்துவிட்டு, "பரீட்சை அன்னிக்கு ஒம்பது மணிக்கு ஆரம்பிச்சிடுங்க. பரீட்சை அதிகாரி எப்பவும் போல மூணு மணிக்கு வந்து மார்க் போடுவார். தபால் வந்தா..." என்று இழுத்தார். "நான் பாத்துக்கிறேங்க சார்" என்றேன். அந்தத் திமிருக்கு என்ன பேர் வைப்பது, சொல்.

மறுநாளே ஒரு தபால் வந்தது. கவரைப் பிரித்தேன். பிள்ளைகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சார் எப்படிப் பார்ப்பாரோ அதே மாதிரி காகிதத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, மேலிருந்து கீழே கண்ணை ஓட்டி, இரண்டு தடவை தலையை ஆட்டினேன்.

"என்னங்க டீச்சரம்மா போட்டுருக்கு?" என்றாள் செல்வி.

"எப்பவும் போடுறதுதாண்டி. ஒழுங்கா வாங்க, ஒழுங்கா கட்டுங்கன்னு போட்டுருக்கு."

"அதுக்கா ஒரு பக்கம் எழுதியிருக்காங்க?"

"ஆபீசர்னா அப்படித்தான் எழுதுவாங்க. போய்க் கல்ல நனை, போ!"

காகிதத்தைப் பதிவேட்டுக்கு அடியில் செருகினேன். எட்டாவது படித்தவள் எதிரிலேயே நிற்கிறாள். "இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் டீச்சரம்மா என்கிற பட்டம் போய்விடுமே என்று பயம்.

பரீட்சை நாள். இருபது மூலைச் சுவர் எழுந்து நின்றது. செல்வியின் சுவரைப் பார்க்க வேண்டுமே! நானே தம்ளரை எடுத்துப் போய் ஊற்றினேன். தண்ணீர் ஆடாமல் அசையாமல் நின்றது. மூன்று மணி ஆயிற்று, அதிகாரியைக் காணோம். மூன்றரை. சரி, மனுஷன் பஸ்ஸை விட்டிருப்பார், நாளைக்கு வந்து புதிதாகக் கட்டச் சொல்வார் என்று நானே முடிவு கட்டினேன். நாலு மணிக்குத் தண்டவாளத்தைத் தட்டினேன்.

செல்வி கொலுறைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "டீச்சரம்மா, பரீட்சைச் சுவருங்க. ஒரு ராத்திரி இருக்கட்டுமே. நான் வேணும்னா காவலுக்குப் படுத்துக்கிறேன்."

"கன்னுக்குட்டி வந்தா நீ அதுக்கு டூட்டி கார்டு காட்டுவியா? சட்டம்னா சட்டம். பிரி!"

பிரித்தார்கள். ஆறு மாதப் பழக்கமில்லையா, அரை மணியில் இருபது சுவரும் தரையோடு தரை. சுரண்டித் துடைத்து அவரவர் இடத்தில் அடுக்கியாயிற்று. சுரண்டிய கலவையையும் மிச்சத்தையும் சேர்த்துக் குவித்து, நனைத்த சாக்குப் போட்டு மூடினோம். நானும் நிம்மதியாக பஸ் ஏறினேன்.

மறுநாள் ஒன்பது மணிக்கு ஜீப் வந்து நின்றது. திருச்சியிலிருந்து பரீட்சை அதிகாரி. குள்ளமானவர், கையில் தோல் பை. கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"சுவரெல்லாம் எங்கம்மா?"

"எந்தச் சுவருங்க சார்?"

"நேத்துப் பரீட்சைக்குக் கட்டினது."

"அத நேத்தே பிரிச்சாச்சுங்களே."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அன்னிக்கு எனக்கு வேற ஊர்ல பரீட்சை இருக்கு, சுவரைப் பிரிக்காம வைங்க, மறுநாள் காலையில வந்து பாக்குறேன்னு லெட்டர் போட்டேனே. வரலையா?"

எனக்குக் கால் இரண்டும் கலவையில் புதைந்த மாதிரி ஆகிவிட்டது. பதிவேட்டுக்கு அடியிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. "நீங்களே படிங்க" என்றார்.

இருபது பிள்ளைகளும் நின்றுகொண்டிருந்தார்கள். காகிதம் தலைகீழாக இருக்கிறதா நேராக இருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. தபால் கைக்கு வரவில்லை என்று சொல்லிப் பார்க்கவும் முடியாது, கையிலேயே இருக்கிறது.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க சார்" என்றேன்.

அந்த மனிதர் தோல் பையைக் கீழே வைத்தார். "எழுத்துத் தெரியாதவங்க வாத்தியாரா? நல்லா இருக்கும்மா கதை! வேலை எதுவும் காட்டப்படலைன்னுதான் நான் எழுத முடியும். மொத்த பேட்சும் பெயில்."

எனக்கு வேலை போவது அப்போதே உறுதியாகிவிட்டது. அதனால் பயம் விட்டுப் போயிற்று. "என் பேருல என்ன வேணும்னாலும் எழுதிக்கங்க சார். தப்பு என்னோடது. புள்ளைங்க கட்டுனாங்க, நான்தான் பிரிக்கச் சொன்னேன். இப்பவே உங்க முன்னாடி திரும்பக் கட்டச் சொல்றேன்."

"நான் ஒரு மணிக்குக் கிளம்பணும். ஒரு நாள் வேலையை மூணு மணி நேரத்துல கட்டுவாங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் செல்வி முன்னால் வந்துவிட்டாள். "கல்லெல்லாம் நேத்தே நனைச்சதுங்க சார், ஈரம் காயல. மூலைக்கு வேண்டிய வெட்டுக்கல்லு எல்லாம் வெட்டுனபடியே அவங்கவங்க எடத்துல அடுக்கியிருக்கு. கலவை சாக்குக்கு அடியில இருக்கு. வெட்டுறதுலதாங்க பாதி நாளு போகும். நீங்க நேரம் மட்டும் சொல்லுங்க."

பிரித்து அடுக்குகிற எங்கள் சட்டம் கவிழ்த்ததும் உண்டு, கைகொடுத்ததும் உண்டு. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னெண்டரை. அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது. நீங்க அந்த ஸ்டூல்ல உக்காருங்கம்மா. ஒரு வார்த்தை பேசக் கூடாது. கையைக்கூட ஆட்டக் கூடாது."

கவிதா, என் ஆயுசில் நான் மூன்று மணி நேரம் வாய் மூடியிருந்தது அன்றைக்கு ஒரு நாள்தான். என் வீட்டுக்காரர் கடைசிவரை இதை நம்பவில்லை. கண்ணெதிரே ஒருவன் நூலைத் தளர்வாகக் கட்டுகிறான். இன்னொருவன் நாலாவது வரிசையில் தூக்குக்குண்டு போடாமலே ஐந்தாவதுக்குப் போகிறான். எனக்கு நாக்கு நமநமவென்று அரிக்கிறது. புடவை முந்தானையைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டேன். அந்தப் பையனுக்கே என்ன தோன்றியதோ, தானாகத் திரும்பி வந்து குண்டைத் தொங்கவிட்டான். நூல்காரன் கடைசிவரை திரும்பிப் பார்க்கவில்லை. அவன் சுவர் வயிறு தள்ளிக்கொண்டு போனது.

பன்னிரண்டரைக்கு அதிகாரி எழுந்தார். சும்மா சொல்லக் கூடாது, வேலை தெரிந்த மனிதர். மூலைமட்டத்தை ஒவ்வொரு மூலையிலும் வைத்தார், குண்டு போட்டார், வரிசைகளை எண்ணினார். செல்வியின் சுவருக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு தடவை அளந்தார். அப்புறம் ஆபீஸ் அறைக்குள் போய் விசிட் நோட்டில் ஒரு பக்கம் எழுதினார். வருகிற அதிகாரிகள் எல்லாம் எழுதிவிட்டுப் போகிற நோட்டு அது. மூடி என் கையில் கொடுத்தார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. ஜீப் போய்விட்டது.

நோட்டு என் கையில் இருக்கிறது. இருபது பிள்ளைகளின் தலையெழுத்தும் என் வேலையும் அதற்குள் இருக்கிறது. எனக்கு அது கறுப்புக் கறுப்பாகப் பூச்சி ஊர்ந்த மாதிரி. சார் வர மறுநாள் ஆகும். அதுவரை நோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. போதும் இந்தத் திருட்டுத்தனம் என்று எனக்கே அலுப்பாகிவிட்டது.

"செல்வி, இங்க வாடி. இத எல்லாருக்கும் கேக்குற மாதிரி படி."

அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். முதலில் பேர் பேராக மார்க். பதினெட்டுப் பேர் தேர்வு. வயிறு தள்ளிய சுவர்க்காரனும் இன்னொருவனும் மூன்று மாதம் கழித்துத் திரும்பக் கட்டிக் காட்ட வேண்டும். அவள் பேர் முதலாவது. தன் பேரைத் தானே படித்துவிட்டு ஒரு நொடி நின்றாள். அப்புறம் அடுத்த வரிக்குப் போனாள்.

"பயிற்றுநருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் தேர்வுக்கான கடிதம் கவனிக்கப்படவில்லை." அங்கே நிறுத்திவிட்டாள்.

"மேல படிடி."

"வேணாங்க டீச்சரம்மா."

"படிங்கிறேன்ல!"

"மாணவர்களின் வேலை மிக நன்று. பயிற்றுநர் பணியில் தொடரலாம். இனி வரும் கடிதங்களை, மாணவர் ஒருவர் அனைவர் முன்னிலையிலும் உரக்கப் படிக்க வேண்டும்."

அவள் கடைசி வரியைப் படித்து முடிப்பதற்குள் பையன்கள் சட்டியைத் தலைகீழாகப் போட்டுத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நான் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து சிரிக்கிறேன், கண்ணில் தண்ணீராகக் கொட்டுகிறது. செல்வி பக்கத்தில் வந்து குனிந்து, "ஒழுங்கா வாங்க, ஒழுங்கா கட்டுங்கன்னு போட்டுருக்கா டீச்சரம்மா?" என்றாள். முதுகில் ஒன்று வைத்தேன்.

மறுநாள் சார் கல்யாணப் பட்சணப் பொட்டலத்தோடு வந்தார். குடையைக் காலரில் மாட்டியபடியே விசிட் நோட்டைப் பிரித்தார். பழக்கம் விடுமா, தனக்குத்தானே படிக்கிற மாதிரி வாய்விட்டு ஆரம்பித்தார். நான் குறுக்கே, "அத நேத்தே படிச்சாச்சுங்க சார், எல்லாருக்கும் தெரியும்" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் வாயை மூடிக்கொண்டு மனசுக்குள்ளேயே படித்தார், அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக. என்ன சொல்வாரோ என்று கயிற்றைச் சிக்கெடுப்பதுபோல நின்றேன். நோட்டை மூடி மேஜையில் வைத்தார். பழைய பாரத்தைத் தேடி எடுத்து, படிப்பு என்று இருந்த அந்த வெறும் கட்டத்தில் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை.

"திங்கக்கிழம அடுத்த பேட்ச் வருது. கல்லு நனைக்கத் தொட்டியைக் கழுவிட்டீங்களா?" என்றார்.

அவ்வளவுதான். நான் ஓடிப்போய்த் தொட்டிக்குள் இறங்கித் தேய்த்த தேய்ப்பு இருக்கிறதே... ஐயோ, குழாயில் சத்தம் கேட்கிறது பார்! மூன்று நாளைக்கு ஒருமுறை விடுகிற தண்ணீர், அரை மணியில் நின்றுவிடும். நோட்டை மூடு, அந்தப் பித்தளைக் குடத்தை எடு, நான் பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கிக்கொள்கிறேன். மூலைவீட்டு மருமகள் முந்திக்கொள்வதற்குள் ஓடு!